தாத்தாவோட அப்பா எங்க அடக்கமானார்? பழைய இங்கிலீஷ் சர்ச் ரிஜிஸ்டர்ல தேடும்போது வர்ற சிக்கலும் சரி பண்ற வழியும்

எங்க சபைல யாருக்காவது "எங்க கொள்ளுத்தாத்தா கல்லறை எங்க இருக்குன்னு பாக்கணும்"னு ஆசை வந்துட்டா நேரா பெங்களூர் காக்ஸ் டவுன்ல இருக்குற என் வீட்டுக்கு அனுப்பிடுறாங்க. வர்றவங்களும் ஒரு காபி குடிக்கிற நேரத்துல வேலை முடிஞ்சிடும்னு நெனச்சுக்கிட்டுதான் வர்றாங்க. எத்தனை பேருக்குப் பாத்துக் குடுத்தேன்னு எண்ணி வைக்கல, ஆனா வர்ற சிக்கல் எல்லாம் அதே அஞ்சாறுதான், ஆள் மட்டும்தான் வேற. ஒவ்வொருத்தருக்கும் போன்ல சொல்லிச் சொல்லி தொண்டை வறண்டு போச்சு, அதான் எழுதிப் போடுறேன். உங்க சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராப் போயிடுங்க. காசில்லாத வழி முதல்ல இருக்கும், செலவு வைக்கிறது கடைசில.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சா போதும். ஒரு அடக்கத்துக்கு ரெண்டு ரெக்கார்ட் இருக்கலாம். ஒண்ணு சர்ச்லயே இருக்குற ஒரிஜினல் ரிஜிஸ்டர். இன்னொண்ணு அதைப் பாத்து எழுதி மெட்ராஸ் வழியா லண்டனுக்குப் போன காப்பி, அது இப்போ பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல இருக்கு. ஃபேமிலிசர்ச், ஃபைண்ட்மைபாஸ்ட் மாதிரி பரம்பரை தேடுற வெப்சைட்ல நீங்க பாக்கறது பெரும்பாலும் இந்தக் காப்பியைத்தான். எழுதினவருக்கு தமிழ் தெரியாது, காப்பி அடிச்சவருக்கும் தெரியாது, நூறு வருஷம் கழிச்சு அதைக் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணவருக்கும் தெரியாது. அதனால பேரை நம்பாதீங்க, தேதியையும் ஊரையும் பிடிச்சுக்கிட்டு பக்கம் பக்கமாப் போங்க.

சிக்கல் 1: பேரு போட்டா ஒண்ணுமே வரல

பத்துக்கு எட்டு பேர் இதுலதான் நிக்கிறாங்க.

*ஊரைத் தப்பாப் போட்டிருக்கீங்களா?*

கர்நாடகான்னு போட்டா வராது, மைசூர்னு போட்டாலும் பாதி வராது. பெங்களூர் தண்டு, அதான் கண்டோன்மெண்ட், 1809ல ஆரம்பிச்சது, சர்ச் கணக்குல அது மெட்ராஸோட சேர்ந்தது. மெட்ராஸ் டயோசிஸ், அதாவது மெட்ராஸ் பிஷப்போட பேராயம், வந்தது 1835ல, 1947 வரைக்கும் நம்ம ஊர் சாப்ளின், அதான் அரசாங்கம் வச்ச குருமார், எல்லாம் அதுக்குக் கீழதான். அதனால "மெட்ராஸ்"னு போட்டுத் தேடுங்க. லண்டன் காப்பில மெட்ராஸ் வரிசைக்கு என்/2ன்னு நம்பர், 1698ல இருந்து 1948 வரைக்கும் போகுது. பம்பாய்க்குப் போன சித்தப்பாவைத் தேடினா என்/3, டெல்லில செத்துப்போனவங்களைத் தேடினா என்/1, ஆமா டெல்லி பெங்கால் வரிசைல இருக்கு, என்ன பண்றது.

*ஸ்பெல்லிங்*

ஞானமுத்துங்கற பேரை ஜி-என்னுல ஆரம்பிச்சுப் பாத்திருக்கேன், என்-ஒய்ல பாத்திருக்கேன், வெறும் ஒய்லயும் பாத்திருக்கேன். முத்துக்கு யூ போடாம ரெண்டு ஓ போடுவாங்க. மாசிலாமணில வர்ற மணியை எம்-ஓ-என்-இ-ஒய்னு எழுதியிருப்பாங்க, மனுஷன் வாழ்க்கை பூரா பத்து ரூபா சம்பளத்துல இருந்திருப்பார், ரிஜிஸ்டர்ல மட்டும் பணக்காரர். சாமில ஏ-யூ வரும், ஏ-டபிள்யூ வரும். தேவசகாயம் ஏழெட்டு விதமா வரும்.

ஒவ்வொரு ஸ்பெல்லிங்கா அடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. உயிரெழுத்தை எல்லாம் தூக்கிட்டு அந்த இடத்துல நட்சத்திரக் குறி * போடுங்க, மெய்யெழுத்து மட்டும் நிக்கட்டும். முதல் எழுத்தையும் நம்ப முடியலேன்னா பேரையே விட்டுட்டு வெறும் ஊர், வருஷம், அடக்கம்னு மட்டும் போட்டுத் தேடுங்க. முந்நூறு பேர் வந்தா வரட்டும், ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போதும்.

*சர்நேம் கட்டத்துல என்ன இருக்கு?*

நமக்கு ஏது சர்நேம். சில குருமார் அப்பா பேரை அங்க எழுதுவாங்க, சிலர் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுடுவாங்க, சிலர் பாதிப் பேரை உடைச்சு ரெண்டு கட்டத்துலயும் போடுவாங்க. பொம்பளைங்கன்னா இன்னும் மோசம், "இன்னாரோட மனைவி"ன்னு புருஷன் பேருல போயிடும். ஆயாவைத் தேடினா தாத்தா பேரைப் போட்டுப் பாருங்க.

*அவங்க ஆங்கிலிகன்தானா?*

இதைத்தான் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. "நாங்க சி.எஸ்.ஐ. தானே, அப்போ இங்கிலீஷ் சர்ச் தானே"ன்னு வர்றாங்க. சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை, பொறந்ததே 1947 செப்டம்பர் 27ல. அதுக்கு முன்னாடி ஆங்கிலிகன், அதாவது சர்ச் ஆஃப் இங்கிலாந்து, தனி, வெஸ்லியன் மெத்தடிஸ்ட் தனி, லண்டன் மிஷன் தனி, ஸ்காட்லாந்து சபை தனி. ஈஸ்ட் பரேட் சர்ச் வெஸ்லியன்காரங்க கட்டினது. ரைஸ் மெமோரியல் லண்டன் மிஷன். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஸ்காட்லாந்துக்காரங்களோடது. செயின்ட் மார்க்ஸ், ஹோலி டிரினிட்டி, செயின்ட் ஜான்ஸ், ஆல் செயின்ட்ஸ் எல்லாம் ஆங்கிலிகன். இப்போ எல்லாம் ஒரே போர்டு மாட்டியிருக்கறதால நமக்குக் குழப்பம். சர்ச் சுவத்துல இருக்குற அஸ்திவாரக் கல்லைப் போய்ப் படிங்க, செலவு பஸ் டிக்கெட் மட்டும்.

எங்க வீட்டுக் கதையே இதான். தாத்தாவோட அப்பா "மார்க்கு கோயில்ல" அடக்க ஆராதனை வச்சவர்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி நான் ரெண்டு வருஷம் செயின்ட் மார்க்ஸ் வரிசையையே உருட்டிக்கிட்டு இருந்தேன். அவர் அங்க வெள்ளைக்கார துரை வீட்டு பட்லரா இருந்தவர், துரையைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை போவாராம், அவ்வளவுதான். அவர் சபை வேற, அவர் பேரு இருந்ததும் வேற புக்ல.

*ஆங்கிலிகன்தான், ஆனாலும் இல்ல*

அப்போ சாப்ளின் ரிஜிஸ்டரா மிஷன் ரிஜிஸ்டரான்னு பாருங்க. அரசாங்க சாப்ளின் வெள்ளைக்காரங்களுக்கும் பட்டாளத்துக்கும் ஆங்கிலோ இந்தியங்களுக்கும். லண்டனுக்குப் போன காப்பில பெரும்பாலும் இவங்கதான். தமிழ் கிறிஸ்தவங்க அதுல வர்றது சில சமயம்தான்: துரை வீட்டு வேலைக்காரங்க, மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற பட்டாளத்து இன்ஜினியர் பிரிவு ஆளுங்க, பழைய மெட்ராஸ் ரெஜிமெண்ட்ல டிரம்மரா இருந்தவங்க. பட்டாளத்துல டிரம்மர், பேண்டுக்காரங்க நிறைய பேர் கிறிஸ்தவங்க, இது நிறைய குடும்பத்துக்கு ஒரு க்ளூ. மத்தவங்க எல்லாம் தமிழ் சபையோட சொந்த ரிஜிஸ்டர்லதான் இருப்பாங்க, அந்தப் பழைய பிளாக்பள்ளி, இப்போ சிவாஜிநகர்னு சொல்ற பக்கத்துல இருக்குற செயின்ட் பால்ஸ் மாதிரி தமிழ் கோயில்ல. அது லண்டனுக்குப் போயிருக்கும்னு எதிர்பாக்காதீங்க, நேர்லதான் போகணும்.

*எப்போ காசு செலவு பண்ணலாம்?*

ஃபேமிலிசர்ச் இலவசம். ஃபிபிஸ், அதாவது பிரிட்டிஷ் இந்தியா குடும்பங்களுக்கான சொசைட்டி, அதோட டேட்டாபேஸ்லயும் சும்மாவே தேடலாம். ஃபைண்ட்மைபாஸ்ட்ல பக்கத்தோட போட்டோ பாக்க சந்தா கட்டணும். எல்லாத்தையும் குறிச்சு வச்சுக்கிட்டு ஒரே ஒரு மாசம் கட்டி முடிச்சிடுங்க, ஒரு வருஷத்துக்குக் கட்டி மறந்து போனவங்க என் உறவுலயே மூணு பேர். லண்டன்ல ஆள் வச்சுத் தேடுறது அதுக்கும் அப்புறம், அதுவும் ஆன்லைன்ல போட்டோவே இல்லாத பக்கம்னு உறுதியானா மட்டும்.

சிக்கல் 2: பேரு இருக்கு, வயசோ தேதியோ ஒத்து வரல

வயசு அஞ்சு பத்து தள்ளி இருந்தா பயப்படாதீங்க. செத்தவங்க வந்து வயசு சொல்ல மாட்டாங்க, பக்கத்துல நின்ன மச்சான் குத்துமதிப்பா "அம்பது இருக்கும்"னு சொன்னதைத்தான் எழுதியிருப்பாங்க. 40, 50, 60ன்னு முழு நம்பரா வந்தா அது சொல்லக் கேட்டு எழுதின வயசு. 37, 52ன்னு வந்தா கொஞ்சம் நம்பலாம். கைக்குழந்தைன்னா எதிர்ல மாசத்துக்கு எம், நாளுக்கு டி போட்டிருக்கான்னு உத்துப் பாருங்க, 8 மாசக் குழந்தையை 8 வயசுன்னு இண்டெக்ஸ்ல ஏத்தி வச்சிருப்பாங்க.

தேதில ரெண்டு கட்டம் இருக்கும், செத்த தேதி ஒண்ணு, அடக்கம் பண்ண தேதி ஒண்ணு. ஐஸ் பெட்டி இல்லாத காலம், அதனால அன்னிக்கே இல்லேன்னா மறுநாள் அடக்கம். ரெண்டுக்கும் நடுவுல நாலஞ்சு நாள் இடைவெளி தெரிஞ்சா காப்பி எடுக்கும்போது ஒரு வரி தள்ளி எழுதிட்டாங்கன்னு சந்தேகப்படுங்க. மேல வரி, கீழ வரி ரெண்டையும் பாத்தா பிடிபட்டுடும்.

தேதி மாசம் மாறிப்போறதும் உண்டு. 3/4ன்னு இண்டெக்ஸ்ல இருந்தா ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆன்னு போட்டோவைத் தொறந்து பாருங்க.

இதுக்கு மேலயும் இடிச்சா ஒரே பேருல ரெண்டு ஆள், சிக்கல் 6க்குப் போங்க.

சிக்கல் 3: பக்கம் கிடைச்சுது, படிக்கத்தான் முடியல

*இங்கிலீஷ் கையெழுத்து*

அந்த ஒரு வரியையே மொறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்காதீங்க, அதே பக்கத்துல தெளிவா தெரியுற வார்த்தையைப் பிடிங்க. பெங்களூர்ங்கற பேரு ஒவ்வொரு வரிலயும் வரும், அதுல இருந்தே பி, ஏ, என், ஜி, எல், ஓ, ஆர், இ எல்லாம் அவர் எப்படிப் போடுவார்னு தெரிஞ்சுடும். மாசத்துப் பேர்ல இருந்து ஜே, எம், எஸ். ஒரு பேப்பர்ல அந்த எழுத்துகளை வரைஞ்சு வச்சுக்கிட்டு அப்புறம் உங்க வரிக்கு வாங்க. போன்ல போட்டோ எடுத்து கருப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட் ஏத்தினா மங்கின மை கொஞ்சம் எழுந்து வரும், கலரைத் தலைகீழா மாத்திப் பாக்கறதும் உதவும். ஃப்ளாஷ் போடாதீங்க.

*வார்த்தை தெரியுது, அர்த்தம் தெரியல*

வியாதிக் கட்டத்துல வர்ற தைசிஸ்னா டி.பி. எண்டெரிக் ஃபீவர்னா டைஃபாய்டு. டிராப்சின்னா உடம்புல நீர் கோத்து வீங்குறது. அபோப்ளெக்சின்னா திடீர்னு ஸ்ட்ரோக். மராஸ்மஸ்னா குழந்தை சாப்பாடு ஒட்டாம இளைச்சுப் போறது. சில குழந்தைங்களுக்கு "பல் முளைக்கறது"ன்னே காரணம் எழுதியிருக்கும், படிக்கறப்போ ஒரு மாதிரி ஆயிடும். 1898ல பிளேக், 1918ல இன்ஃப்ளூயன்சா, அந்த வருஷங்கள்ல தேடினா நெஞ்சைத் திடமா வச்சுக்கிட்டு உக்காருங்க.

வேலைக் கட்டத்துல எம்.என்.ஐ.ன்னு இருந்தா மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி. ஈஸ்ட் இந்தியன்னு பழைய பக்கத்துல வந்தா அது இன்னிக்கு நாம ஆங்கிலோ இந்தியன்னு சொல்றவங்க. அதே மாதிரி 1911 சென்சஸுக்கு முன்னாடி ஆங்கிலோ இந்தியன்னு எங்கயாவது படிச்சா அது பெரும்பாலும் இந்தியால வேலை பாத்த சுத்த வெள்ளைக்காரங்க. இதைத் தெரியாம ஒருத்தர் எங்க பரம்பரையே மாறிப்போச்சுன்னு ஒரு வாரம் தூங்கல.

*தமிழ்ல எழுதின ரிஜிஸ்டர்*

நம்ம மொழிதானேன்னு இளக்காரமா நெனைக்காதீங்க, இதுதான் கஷ்டம். பழைய கையெழுத்துல புள்ளி இருக்காது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். எ அ உ க மாதிரி தனியா நின்னா அது எழுத்து இல்ல, தமிழ் எண்: எ ஏழு, அ எட்டு, உ ரெண்டு, க ஒண்ணு, ய மாதிரி இருந்தா பத்து. யானைத் தும்பிக்கை மாதிரி வளைஞ்ச பழைய லை, ணை, னை எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முன்னாடி படிச்சவங்களுக்கு சாதாரணம், உங்க வீட்டுல எழுபது தாண்டின பெரியப்பாவோ அத்தையோ இருந்தா கூப்பிட்டு உக்கார வைங்க, அதுதான் முதல் எக்ஸ்பர்ட்.

அவங்களாலயும் ஆகலேன்னா ஓலைச்சுவடி, கல்வெட்டு படிக்கிற ஆளுக்கு போட்டோ அனுப்புங்க. ஒரு வரிதானே, பெரும்பாலும் சும்மாவே படிச்சு சொல்லிடுவாங்க.

சிக்கல் 4: "அந்தக் காலத்து ரிஜிஸ்டர் எல்லாம் இல்லீங்க"

ஒரு சர்ச் ஆபீஸ்ல எனக்கு இந்தப் பதில் மூணு தடவை வந்துது. நாலாவது தடவை போனப்போ அதே பீரோல, பழைய கேரல் புக்குக்கு அடியில இருந்துது. யாரும் பொய் சொல்லல, அவங்களுக்கே தெரியாது.

முதல்ல நேரத்தை மாத்துங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட போகாதீங்க, அப்போ கல்யாண ஓலை, ஸ்கூல் லெட்டர்னு இருபது பேர் நிப்பாங்க. வாரநாள் காலைல, அய்யர்கிட்ட, அதான் சபை குருவானவர்கிட்ட, முன்கூட்டியே சொல்லிட்டு, ஒரு லெட்டர்ல உங்க பேரு, உறவு, தேட வேண்டிய வருஷம் எழுதி எடுத்துக்கிட்டுப் போங்க. "1890ல இருந்து 1920 வரைக்கும் பாக்கணும்"னா யாரும் காட்ட மாட்டாங்க. "1903, 1904 ரெண்டு வருஷம் மட்டும்"னா காட்டுவாங்க. ஃபீஸ் கேட்டா குடுத்துட்டு ரசீது வாங்கிக்கிங்க.

ரிஜிஸ்டர்னு மட்டும் கேக்காதீங்க, "அடக்கம் எழுதுற புக்"னும் கேளுங்க, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணும் ஒரே கட்டுல இருக்கற சபையும் உண்டு.

அப்படியும் இல்லேன்னா தாய் சபையைக் கேளுங்க. உங்க சபை பின்னாடி பிரிஞ்சு வந்ததா இருந்தா பழைய புக் அங்கதான் நிக்கும். அப்புறம் டயோசிஸ் ஆபீஸ். அப்புறம் யுனைட்டட் தியாலஜிக்கல் காலேஜ் ஆர்க்கைவ்ஸ், பென்சன் டவுன் பக்கம், மிஷன் பேப்பர் நிறைய வச்சிருக்காங்க, ஆனா முன்னாடியே எழுதிக் கேட்டுட்டுப் போங்க. எஸ்.பி.ஜி.ங்கற ஆங்கிலிகன் மிஷனோட லெட்டர் எல்லாம் ஆக்ஸ்ஃபோர்டுல போட்லியன் லைப்ரரில இருக்கு, ஆனா அது குருமார் எழுதின ரிப்போர்ட், யார் யாரை அடக்கம் பண்ணாங்கங்கற லிஸ்ட் இல்ல, அதுக்காக டிக்கெட் போட்டுடாதீங்க.

*புக் இருக்கு, தொட்டா உதிருது*

நிறுத்துங்க. அங்கயே மூடி வச்சிடுங்க. ராமபாணப் பூச்சி தின்னதும், மையே காகிதத்தை அரிச்சதும் பக்கத்தைப் புரட்டினா போயிடும். செலோடேப் ஒட்டறது, லேமினேட் பண்றது ரெண்டும் கொலை, நல்ல மனசோடதான் பண்ணுவாங்க, பத்து வருஷத்துல அந்தப் பக்கம் பழுப்பாகிப் படிக்கவே முடியாமப் போகும். இது கைதேர்ந்தவங்க செய்ய வேண்டிய வேலை, பழைய பொருள், கட்டடத்தைப் பாதுகாக்குற இன்டாக் அமைப்போட கன்சர்வேஷன் சென்டர் நம்ம ஊர்லயே இருக்கு. செலவை நீங்க ஒருத்தரே ஏத்துக்காதீங்க, கமிட்டில வச்சு சபைச் செலவாக் கேளுங்க. அதுவரைக்கும் லண்டன் காப்பியைப் பாருங்க, சாப்ளின் ரிஜிஸ்டரா இருந்தா அதுக்குத்தானே அது இருக்கு.

சிக்கல் 5: ரிஜிஸ்டர்ல இருக்கு, கல்லறைல இல்ல

அடக்க ரிஜிஸ்டர்ல பெரும்பாலும் குழி நம்பர் இருக்காது, இடத்தோட பேரு மட்டும்தான். நம்பர் இருக்கறது கல்லறை கமிட்டி வச்சிருக்குற வேற புக்ல. முதல்ல அதைக் கேளுங்க, அப்புறம் வாட்ச்மேனைக் கேளுங்க, புக்ல இல்லாதது அவர் தலைல இருக்கும்.

எந்தக் கல்லறைன்னு சரியாப் பாத்தீங்களா? ஓசூர் ரோடு வேற, கல்பள்ளி வேற, அகரம் வேற. பட்டாளத்து ஆளுன்னா அகரத்துல பாருங்க. கோலார் தங்கவயல்ல வேலை பாத்து பெங்களூர் ஆஸ்பத்திரில செத்தவங்களை எந்த ஊர்ல அடக்கம் பண்ணாங்கன்னு ரெண்டு பக்கமும் பாக்கணும்.

கல்லே இல்லாம இருக்கலாம். கல் வைக்கறது காசு இருந்தவங்க விஷயம், மத்தவங்களுக்கு மண்மேடும் மரச்சிலுவையும்தான், நாலு மழைல போயிடும். இடம் பத்தாததால ஒரே குழியைக் குடும்பத்துக்காரங்களுக்குத் திரும்பத் தொறக்கறதும் நடக்குது, அதனால பேரனோட கல்லுக்குக் கீழயே தாத்தா இருக்கலாம். அந்தக் கல்லோட பக்கவாட்டையும் பின்பக்கத்தையும் பாருங்க, பழைய பேரை அங்க வெட்டி வச்சிருப்பாங்க.

கல் இருக்கு, எழுத்து தேஞ்சு போச்சுன்னா சாயங்கால வெயில்ல போங்க, இல்லேன்னா டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, நிழல் விழுந்து எழுத்து தெரியும். தண்ணி தெளிக்கலாம். கம்பி பிரஷ், ஆசிட் வேண்டவே வேண்டாம்.

சொத்து, வாரிசுன்னு கோர்ட்டுக்குப் போற விஷயமா இருந்தா இங்கயே நிறுத்திட்டு வக்கீலைப் பாருங்க. நீங்க எடுத்த போன் போட்டோவை வச்சு ஒண்ணும் ஆகாது, ரிஜிஸ்டரை வச்சிருக்கறவங்க கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தின நகல் வேணும், அது போதுமா வேற என்ன சேக்கணும்ங்கறதை அவர்தான் சொல்லணும்.

சிக்கல் 6: ஒரே பேருல ரெண்டு மூணு பேர்

தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கற வழக்கம் நமக்கு. செத்துப்போன குழந்தையோட பேரையே அடுத்த குழந்தைக்கும் வைப்பாங்க. அதனால பேரும் ஊரும் ஒத்துப் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. வேலை, தெரு, அப்பா பேரு இதுல ஒண்ணாவது சேர்ந்து ஒத்து வரணும். வரலேன்னா ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல ரெண்டு பேரையும் பிடிச்சு, யாருக்கு அப்புறம் கல்யாணம், பிள்ளைங்கன்னு பதிவு வருதுன்னு பாருங்க. அடக்கமானவருக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆகாது இல்லையா, அவ்வளவுதான் லாஜிக்.

எல்லாம் பாத்தாச்சு, ஆள் மட்டும் இல்ல

கத்தோலிக்க சபைல போய்ப் பாருங்க, கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனவங்க நிறைய. அங்கயும் இல்லேன்னா இன்னொரு காரணம் இருக்கு, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. 1662 ஜெபப் புத்தகத்துல அடக்க ஆராதனைக்கு மேல ஒரு குறிப்பு இருக்கு: ஞானஸ்நானம் வாங்காம செத்தவங்களுக்கும், சபையில இருந்து விலக்கப்பட்டவங்களுக்கும், தற்கொலை பண்ணிக்கிட்டவங்களுக்கும் இந்த ஆராதனை வாசிக்கக் கூடாது. ஆராதனை இல்லேன்னா எழுதியும் இருக்க மாட்டாங்க.

எங்க ஆயா சாகற வரைக்கும் தன் மாமியாருக்கு ஒன்பது பிள்ளைங்கன்னுதான் சொல்லுவாங்க. நான் புரட்டின எல்லா புக்லயும் எட்டுதான். ஒன்பதாவது பொறந்து மூணு நாளோ நாலு நாளோ இருந்துதாம், அய்யர் வர்றதுக்குள்ள போயிடுச்சாம்.